கூடையில் நாற்பத்தொரு போன்கள்

மண்டபத்து நண்டு கம்பெனி வாசலில்
நீலப் பிளாஸ்டிக் கூடை.
உள்ளே போகுமுன் போட்டுவிட வேண்டும்,
வளையல் தோட்டைக் கழற்றிப் பையில் முடிந்தபிறகு
போனையும்.
நாற்பத்தொரு போன்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்து
யாராவது எங்கிருந்தாவது தொட்டால்
அதிர்ந்து, நகர்ந்து,
பக்கத்துப் போனை மிதித்து ஏறப் பார்க்கும்.
உயிரோடு வந்திறங்கும் நண்டுகூட
இவ்வளவு துடித்து நான் பார்த்ததில்லை.

உள்ளே, வெந்த நண்டின் தோளிலிருந்து
உடையாமல் உருவ வேண்டும் சதையை.
முழுக்கட்டிக்கு ஒரு விலை, உதிரிக்கு ஒரு விலை.
ஓட்டுத்துணுக்கு ஒன்று கிடந்தாலும்
சூப்பர்வைசர் ஜெபராஜ் தட்டைத் திருப்பித் தள்ளுவார்.
கை நண்டில்.
காது கூடையில்.
என் போனின் நடுக்கம் எனக்குத் தெரியும்
பிள்ளையின் இருமல் மாதிரி.

பதினோரு மணிக்கு டீ.
கட்டைவிரலை வைக்கிறேன். திறக்காது.
ஒன்பது வருசம் ஓடு கீறிக் கீறி
ரேகை போய்விட்டது.
ரேசன் கடை எந்திரத்துக்கும் நான் யாரோதான்.
எண்ணைத் தட்டித் திறந்தால் கேட்கிறது:
"உங்கள் மனதில் என்ன?"

தெரியும்.
மனசே இல்லாத ஒன்று கேட்கிற கேள்வி.
எல்லாரிடமும் கேட்கும்,
ராத்திரி இரண்டு மணிக்கும் கேட்கும்,
பதில் சொன்ன மறுநொடி
சொல்லாததுபோலத் திரும்பக் கேட்கும்.
வீட்டில் கேட்பதோ
குழம்பு வச்சாச்சா,
குழுவுக்குக் கட்டியாச்சா,
சார்ஜர் எங்கே.

அங்கே என் பேர் ஆரோக்கிய செல்வி இல்லை.
நீலக்கால் நண்டு.
இருநூற்றுப் பதினேழு பேர் பின்னால் வருகிறார்கள்.
தினம் ஒரு படம், அவ்வளவுதான்.
ஐஸ் லாரியிலிருந்து சொட்டுவதைக் குடிக்கும் காக்கா,
கச்சான் காற்றில் கம்பிபோல் விறைத்து நிற்கும் முந்தானை,
ஓட்டின்மேல் யாரோ கோலப்பொடி உதறினதுபோலப் புள்ளிகள்.
தோகாவில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கமுதிக்காரர்
"நம்மூர் வெயில்" என்று மட்டும் எழுதுவார்.
மன்னாரில் ஒரு டீச்சர்,
"நாங்கள் நண்டுக்கு முருங்கையிலை போடுவம்" என்றார்.
சில ராத்திரி என் போனே
அக்கரை டவரைப் பிடித்துக்கொண்டு
இலங்கைக்கு நல்வரவு என்கும்.
பாஸ்போர்ட் இல்லாதவள்
பாயில் கிடந்தபடி போய்வருவேன்.

ஒருத்தன் எழுதினான்,
கை ரொம்ப அசிங்கமா இருக்கு என்று.
ஐந்து நாள் ஒன்றும் போடவில்லை.
ஆறாம் நாள் அதே கையைப் போட்டேன்,
இன்னும் கிட்டத்தில்.

விடியக்காலை நாலேகாலுக்கு வேன்.
வேதாளையில் ஐந்து பேர்,
மரைக்காயர்பட்டினத்தில் மூன்று பேர் ஏறுவார்கள்.
இருட்டில் முகங்கள் மட்டும் நீலமாய் மிதக்கும்.
பேச்சில்லை.
அன்றைக்குப் படம் போட்டு அரை நிமிசம் இருக்கும்,
ஒரு இதயம் விழுந்தது.
கடல்பாசி 86. எப்போதும் முதலில் வருகிற ஆள்.
முகத்துக்குப் பதில் ஒரு சிவப்பு வாளி,
பிடியில் பச்சை நைலான் கயிறு சுற்றினது.
நிமிர்ந்தால்
பக்கத்தில் சபுரா பீவியின் மடியில்
சிவப்பு வாளி. பச்சைக் கயிறு.

ஆறு வருசமாய் ஒரே சீட்டு.
வளைவில் என் முழங்கை அவள் விலாவில் இடிக்கும்.
அந்தச் சின்ன இதயம்
எந்தச் சீமைக்குப் போய்
எந்தக் கடலடிக் கம்பியில் ஊர்ந்து
ஒரு சாண் தள்ளியிருந்த என் கைக்கு வந்ததோ.
அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்,
பார்க்க ஒன்றுமில்லாத இருட்டை.
நான் கேட்கவில்லை.
கேட்டால் நின்றுபோகுமோ என்றிருந்தது.

மறுநாள் அந்த வாளியையே படமெடுத்துப் போட்டேன்.
கமுதிக்காரர் வந்தார், டீச்சர் வந்தார்.
கடல்பாசி வரவில்லை.

மேசையில் எதிரே உட்கார்ந்து
தலை நிமிராமல் உருவிக்கொண்டிருந்தவள்
ஜெபராஜ் அந்தப் பக்கம் திரும்பினதும்
உடையாத முழுக்கட்டி ஒன்றை
ஒற்றை விரலால் என் தட்டுக்குத் தள்ளினாள்.

கூடையில் ஒன்று அதிர்ந்துகொண்டிருந்தது.
யாருடையதென்று
நான் கவனிக்கவில்லை.